மாநில அரசின் ‘ஃபெய்த் பேஸ்டு லையசன்’ கூப்பிடுகிறார், போனால் என்ன கேட்பது?

சனிக்கிழமைச்சாம்பார் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஒரு சின்னக் கோயிலின் கமிட்டியில் இருக்கிறேன். நாலு வருடமாகச் சனிக்கிழமை காலையில் ஃபுட் பேன்ட்ரி நடத்துகிறோம், அதாவது தேவைப்படுகிறவர்களுக்கு இலவசமாக மளிகைச் சாமான் கொடுப்பது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மவர்கள் இல்லை, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்தான். 20 குடும்பத்தில் தொடங்கியது இப்போது 120ஐத் தாண்டிவிட்டது. அரிசி, பருப்பு, டின் சாமான் எல்லாமே உண்டியல் பணத்திலும் ரெண்டு மூன்று குடும்பங்கள் தரும் செக்கிலும்தான் ஓடுகிறது.

போன வாரம் ஒரு மாநிலத் துறையிலிருந்து மின்னஞ்சல். அங்கே சமய அமைப்புகளுக்கும் சமூக அமைப்புகளுக்கும் லையசன், அதாவது தொடர்பாளர், என்று ஒருவர் இருக்கிறாராம். எங்களைப் போன்ற அமைப்புகளை ‘வலுப்படுத்துவது’ பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். வலுப்படுத்துவது என்றால் என்ன என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

கமிட்டி மூன்று கட்சியாகிவிட்டது. தலைவர் “கவர்ன்மென்ட் மானியம், கிராண்ட் வரப்போகுது” என்று வாக்-இன் ஃபிரீசருக்கு விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பொருளாளர், “அரசாங்கப் பணம் ஒரு டாலர் உள்ளே வந்தாலும் உண்டியல் வரைக்கும் எண்ணுவாங்க” என்கிறார். மூத்த மாமா ஒருவர், ஊரில் அறநிலையத் துறையோடு மல்லுக்கட்டியவர், “இன்னைக்கு லையசன், நாளைக்குக் கோயிலை நடத்த அரசாங்கம் போடுற தக்கார்” என்று சொல்லிவிட்டு எழுந்தே போய்விட்டார்.

இந்தப் பதவியில் இருப்பவர்களுக்கு உண்மையில் என்ன அதிகாரம்? பணம் தருவார்களா? பேன்ட்ரிக்கு முன்னால் ஒரு சின்ன பூஜை செய்கிறோம், அதை நிறுத்தச் சொல்வார்களா? அந்த அரை மணி நேரத்தில் எதைக் கேட்டால் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சந்திப்பு அடுத்த வியாழக்கிழமை.


பழையபொருளாளர் எழுதியது:

முதலில் அந்த மாமாவைச் சமாதானப்படுத்துங்கள். இங்கே தக்காரெல்லாம் வரமாட்டார். கோயில் நிர்வாகத்தில் அரசு கைவைக்க முடியாதபடி அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே குறுக்கே நிற்கிறது. இங்கே உள்ள சண்டை நேர் எதிரானது: சமய அமைப்புக்கு அரசு பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் எந்த நிபந்தனையில் என்பதுதான்.

இந்த லையசன் என்கிற ஆள் எங்கிருந்து முளைத்தார் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். 1996இல் மத்திய அரசு நலத்திட்டச் சட்டத்தை அடியோடு மாற்றி எழுதியபோது ‘சாரிட்டபிள் சாய்ஸ்’ என்று ஒரு பிரிவு அதில் நுழைந்தது, செனட்டர் ஜான் ஆஷ்கிராஃப்ட் கொண்டுவந்தது. சமய அமைப்பு என்ற ஒரே காரணத்துக்காக அரசு ஒப்பந்தத்திலிருந்து ஒதுக்கக் கூடாது, பணம் வாங்கியதற்காகச் சுவரில் இருக்கும் சாமி படத்தை இறக்கச் சொல்லவும் கூடாது என்பது அதன் சாரம். அப்போது உங்கள் மாநிலத்தின் கவர்னர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அவர் இதைப் பிடித்துக்கொண்டு அதே வருடம் ஒரு குழு போட்டு அறிக்கை வாங்கினார். ஜனாதிபதியானதும் 2001 ஜனவரி 29 அன்று, அதாவது பதவியேற்ற ஒன்பதே நாளில், வெள்ளை மாளிகையில் இதற்கென்று தனி அலுவலகமே திறந்துவிட்டார். அதன் முதல் தலைவர் ஜான் டியூலியோ என்ற பேராசிரியர் அந்த ஆகஸ்டிலேயே ராஜினாமா செய்தது தனிக்கதை.

அதற்குப் பிறகு அந்த அலுவலகத்துக்கு ஆளுக்கொரு பெயர். 2009இல் ஒபாமா ஒரு பெயர் வைத்தார், 2018இல் டிரம்ப் இன்னொன்று, 2021இல் பைடன் ஒபாமா வைத்த பெயருக்கே திரும்பினார், 2025 பிப்ரவரியில் மறுபடி டிரம்ப் ‘வைட் ஹவுஸ் ஃபெய்த் ஆபீஸ்’ என்றார். பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு நல்ல வருமானம். இதெல்லாம் நிர்வாக உத்தரவில் நடப்பது என்பதால் கையெழுத்துப் போட்டவர் போனால் அடுத்தவர் அழித்து எழுதிவிடலாம்.

மாநிலங்களிலும் இதே கதைதான். 2000களில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இப்படி ஓர் அலுவலகமோ தொடர்பாளரோ இருந்தார்கள். சில இடங்களில் கவர்னர் போட்ட உத்தரவு மட்டும், கவர்னர் மாறினால் ஆள் மாறும், நோக்கம் மாறும், சில நேரம் கதவே சாத்திவிடும். சில இடங்களில் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள். ஒஹாயோவில் 2003இலிருந்து சட்டத்தில் இருக்கிறது, அதனால் கட்சி மாறியும் அலுவலகம் பிழைத்தது. உங்கள் டெக்சாஸும் சட்டம் உள்ள மாநிலம்தான். 2009இல் நிறைவேறியது, அரசுச் சட்டத்தொகுப்பில் 535ஆம் அத்தியாயம். மனித சேவை ஆணையம், சிறைத் துறை, வேலைவாய்ப்புக் கமிஷன் என்று வரிசையாகப் பல துறைகளும் தங்கள் ஊழியர்களில் ஒருவரை இந்த வேலைக்குக் குறிக்க வேண்டும், அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்புக் குழு. பக்கத்தில் ஒன்ஸ்டார் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2004இலிருந்து இருக்கிறது, மாநிலத்தில் அமெரிகார்ப்ஸ் தன்னார்வலர் திட்டத்தையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது.

இப்போது முக்கியமான இடம். அந்தச் சட்டத்தில் லையசனுடைய கடமை என்று போட்டிருப்பது என்ன தெரியுமா? உங்களைப் போன்ற அமைப்புகள் அரசோடு சேர்ந்து வேலை செய்ய விடாமல் தடுக்கும் தேவையில்லாத தடைகளைக் கண்டுபிடித்து நீக்குவது, தகவல் தருவது, பயிற்சி தருவது. செக் எழுதுவது அந்தப் பட்டியலில் இல்லை. அமைப்புகளின் திறனை வளர்க்க என்று ஒரு தனிக் கணக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கணக்கைச் சட்டத்தில் எழுதுவது வேறு, பட்ஜெட்டில் அதில் பணம் போடுவது வேறு.

ஆகவே போங்கள். பணம் கேட்கப் போகாதீர்கள். எது உங்களைத் தடுக்கிறது என்று மூன்று விஷயம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அதுதான் அவருடைய வேலை. எழுதாமல் போனால் அரை மணி நேரமும் அவர் பேசுவார், நீங்கள் தலையாட்டுவீர்கள்.


சனிக்கிழமைச்சாம்பார் எழுதியது:

ரொம்ப நன்றி சார். அப்போ ஃபிரீசர் கிடையாதா? தலைவரிடம் யார் சொல்வது?


எடிசன்வாசி எழுதியது:

தலைவரிடம் நான் சொல்கிறேன் தம்பி, என் கதையைக் காட்டுங்கள் போதும்.

நான் நியூஜெர்சி. இங்கே 1998இலேயே, கிறிஸ்டீன் டாட் விட்மன் கவர்னராக இருந்தபோதே, இதற்கு ஓர் அலுவலகம் திறந்துவிட்டார்கள், புஷ் வெள்ளை மாளிகைக்குப் போவதற்கு முன்னாலேயே. கிராண்ட் எப்படி எழுதுவது, போர்டு எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். அப்படி ஒரு வகுப்பில் நானும் உட்கார்ந்தேன். அரசாங்கக் கூட்டமாச்சே, பிஸ்கட்டும் காபியும் பேச்சும்தான் என்று நினைத்துப் போனேன், ஆனால் கணக்கு எழுதும் முறை பற்றி அங்கே கற்றதுதான் இன்று வரை கைகொடுக்கிறது.

சோகம் வேறு இடத்தில். முதியவர்களுக்கு மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு எங்கள் சங்கத்துக்கு ஒரு உள்ளூர் ஒப்பந்தம் கிடைத்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். ஊர் முழுக்க இனிப்பு கொடுத்தோம். அப்புறம்தான் புரிந்தது, பணம் முன்னால் வராது, நாங்கள் செலவழித்துவிட்டு ரசீது கொடுத்தால் பின்னால் திருப்பித் தருவார்கள். சரி, ஒரு மாதம் தாமதமாகும் என்று நினைத்தோம். ஏழு மாதம் ஆனது. அதற்குள் 18,000 டாலர் எங்கள் கையிலிருந்து போயிருந்தது, அதில் பாதி எங்கள் செயலாளருடைய சொந்த கிரெடிட் கார்டு. அவர் கணவருக்கு இன்னமும் அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன், இந்தத் தளத்தை அவர் படிக்கமாட்டார்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தோம். சாப்பாட்டுச் செலவு மட்டும் போட்டோம். வாடகை, மின்சாரம், கணக்குப் பார்க்கும் நேரம் எதுவும் போடவில்லை, கேட்டால் தரமாட்டார்கள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மத்திய அரசிலிருந்து வரும் பணமாக இருந்தால், அரசோடு தனியாகப் பேசி முடித்த விகிதம் இல்லாத சின்ன அமைப்புகூட நிர்வாகச் செலவுக்கு ஒரு நிலையான விகிதம் கேட்கலாம். முன்பு 10 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபரிலிருந்து 15. எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. லையசனைப் பார்க்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பணம் முன்னாலா பின்னாலா? ரெண்டாவது: பின்னால் என்றால் சராசரியாக எத்தனை நாளில்? அவருக்குப் பதில் தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று பெயர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.


சந்தேகப்பிராணி எழுதியது:

எல்லாரும் இனிமையாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பு கலக்கிறேன்.

இந்த அலுவலகங்களில் பாதி, தேர்தலுக்கு முன்னால் பாஸ்டர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் படம் எடுக்க உண்டானவை. ஆலோசனைக் குழு என்று போடுவார்கள், பன்னிரண்டு பேர் என்றால் பத்துப் பேர் பெரிய சர்ச் தலைவர்கள், ஒரு ரபை (யூத மதகுரு), மீதி ஒரு நாற்காலியில் நம்மையோ முஸ்லிம்களையோ சீக்கியர்களையோ மாறி மாறி உட்காரவைப்பார்கள். உங்களுக்கு வந்த மின்னஞ்சலும் அந்த நாற்காலிக்காகத்தானோ என்னவோ.

இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணிக்கையையும் பாருங்கள். 1998இல் மார்க் சேவ்ஸ் என்ற சமூகவியலாளர் நாடு முழுக்க 1,200க்கும் மேற்பட்ட வழிபாட்டு அமைப்புகளிடம் ஆய்வு செய்தார். பாதிக்கு மேல் ஏதோ ஒரு சமூக சேவை செய்கிறோம் என்றன. அரசுப் பணம் வாங்கியவை சுமார் 3 சதவீதம். வாய்ப்பு கிடைத்தால் விண்ணப்பிப்போம் என்றவை 36 சதவீதம். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் ‘தடையை நீக்கினால் போதும், கூட்டமாக வந்து சேவை செய்வார்கள்’ என்ற பேச்சு கிளம்பியது. தடை மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு சராசரி சர்ச்சிலோ கோயிலிலோ சம்பள ஊழியர் ஒருவரோ இருவரோதான். வாலண்டியர்களை வைத்து ஒரு நாள் அன்னதானம் செய்யலாம், மூன்று வருடம் காலாண்டு அறிக்கை எழுத முடியாது.

அப்புறம் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு அயோவா உதாரணம். நியூட்டன் என்ற ஊரில் உள்ள சிறையில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு மாநிலப் பணத்தில் மறுவாழ்வுத் திட்டம் நடத்தியது. பைபிள் படிப்பும் மறுவாழ்வும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. வழக்குப் போட்டார்கள். 2006இல் நீதிபதி இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்து, வாங்கிய 15 லட்சம் டாலரையும் திருப்பிக் கொடு என்றார். 2007இல் மேல்முறையீட்டில் தீர்ப்புக்கு முன்னால் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டாம் என்றார்கள், ஆனால் அரசுப் பணத்தில் அந்தத் திட்டம் நடந்தது தவறு என்பது அப்படியே நின்றது. பெரிய அமைப்பு, வக்கீல் வைத்துச் சமாளித்தார்கள். உங்கள் கோயில் தாங்குமா?

என்னைக் கேட்டால், மாநிலத் தலைவர்கள் உண்மையாகவே நான்பிராஃபிட்களை, அதாவது லாப நோக்கில்லாத அமைப்புகளை, வலுப்படுத்த நினைத்தால் செய்ய வேண்டியது ரெண்டே விஷயம்: வேலைக்கு ஆகும் முழுச் செலவையும் கொடு, நேரத்துக்குக் கொடு. எடிசன்வாசி அக்கா சொன்ன ஏழு மாதம்தான் உண்மையான பிரச்சினை, அதைத் தீர்க்க வேண்டியவர் பட்ஜெட் அலுவலகத்தில் இருக்கிறார், ஃபெய்த் ஆபீஸில் இல்லை.


பழையபொருளாளர் எழுதியது:

சந்தேகம், நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசி வரியில்தான் எனக்கு வேறு கருத்து. பட்ஜெட் அலுவலகத்துக்குள் எடிசன் அக்காவால் போக முடியாது. உள்ளே போய் ‘இவர்களுக்கு ஏன் ஏழு மாதம்’ என்று கேட்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் துறைக்கு உள்ளேயே சம்பளம் வாங்குகிறவராக இருந்தால்தான் பதில் வரும். நல்ல லையசன் என்றால் அதைச் செய்வார். மோசமான லையசன் செய்தி மடல் அனுப்புவார். ரெண்டு பேரையும் பார்த்திருக்கிறேன், ஒரே துறையில், அடுத்தடுத்து.


வரிப்படிவம் எழுதியது:

பூஜை பற்றியும் உண்டியல் பற்றியும் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வக்கீல் இல்லை, வரிக் கணக்கு பார்ப்பவன், ஆகவே கையெழுத்துப் போடும் முன்னால் உங்கள் மாநிலத்தில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

பூஜை. மத்திய அரசுப் பணமோ அந்தப் பணத்தில் வாங்கிய பொருளோ வந்தால், வழிபாடு, பிரசங்கம், மதம் சேர்ப்பது போன்றவை அந்தச் சேவையிலிருந்து நேரத்தாலோ இடத்தாலோ தனியாக இருக்க வேண்டும், வருவதும் வராததும் அவரவர் விருப்பம். பூஜையை நிறுத்த வேண்டியதில்லை. ஒன்பது மணிக்குப் பூஜை, பத்து மணிக்குப் பேன்ட்ரி என்று வைத்துக்கொண்டால் சரி. பூஜைக்கு வந்தவர்களுக்கு டோக்கன் முதலில் என்றால் சரியில்லை. பிரசாதம்? பேன்ட்ரி முடிந்த பிறகு, அல்லது வேறு அறையில், வேண்டும் என்கிறவர்களுக்கு. வரிசையில் நிற்பவர் கையில் திணிக்காதீர்கள். வருகிறவர் எந்த மதம் என்று கேட்கவே கூடாது, மதத்தை வைத்து ஒருவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. கோயில் மண்டபத்திலேயே நடத்தலாம், விக்கிரகத்துக்குத் திரை போட வேண்டியதில்லை.

உண்டியல். உங்கள் பொருளாளர் பயப்படுவது சரியான பயம், மருந்தும் அதே சட்டத்திலேயே இருக்கிறது. பழையபொருளாளர் சொன்ன 1996 சட்டத்திலேயே, அரசுப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருந்தால் தணிக்கை அந்தக் கணக்கோடு நிற்கும் என்று போட்டிருக்கிறது. அது குறிப்பிட்ட சில நலத்திட்டப் பணத்துக்கான சட்டம்தான், ஆனால் எந்தப் பணமாக இருந்தாலும் இதையே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கில் உண்டியலும் கிராண்டும் கலந்துவிட்டால் எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது, உங்கள் பொருளாளராலும்தான். அமைப்பின் மொத்தக் கணக்கையும் பார்க்கும் பெரிய ‘சிங்கிள் ஆடிட்’ பற்றிப் பயம் வேண்டாம், ஓர் ஆண்டில் மத்திய அரசுப் பணம் 7,50,000 டாலருக்கு மேல் செலவழித்தால்தான் அது வந்தது, 2024 அக்டோபர் 1க்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அந்த வரம்பு 10 லட்சம். 120 குடும்பத்துக்கு அரிசி கொடுத்து அந்த எல்லையைத் தொட மாட்டீர்கள்.

இன்னொன்று, நிறையக் கோயில்கள் இடறி விழும் இடம். வரித் துறை பார்வையில் கோயிலும் ‘சர்ச்’தான். சர்ச்சுக்கு 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதி தானாகவே உண்டு, அதற்கு விண்ணப்பிக்கும் படிவம் 1023 போட வேண்டியதில்லை, வருடாவருடம் 990 என்ற கணக்கு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டியதும் இல்லை. சந்தோஷமாக எதுவும் போடாமல் பத்து வருடம் ஓட்டிவிடுவார்கள். அப்புறம் கிராண்ட் கொடுக்கிறவர் ‘வரித் துறை கொடுத்த தகுதிக் கடிதம் எங்கே’ என்பார், கையில் ஒன்றும் இருக்காது. பேன்ட்ரிக்கு மட்டும் தனியாக ஒரு நான்பிராஃபிட் பதிவு செய்தால் பணமும் பொறுப்பும் கோயிலிலிருந்து பிரிந்துவிடும், ஆனால் அது சர்ச் அல்ல, 990 கட்டாயம். வருமானம் வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் 990-என் என்ற மின் அட்டை போதும், பத்து நிமிட வேலை. மூன்று வருடம் தொடர்ந்து மறந்தால் தகுதி தானாகவே ரத்து. மறந்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள், எல்லாரும் சொல்வது ஒன்றே: “போன செக்ரட்டரி போட்டிருப்பார்னு நினைச்சோம்.”

மத்திய அரசுப் பணத்துக்கு நேராக விண்ணப்பிக்க எஸ்.ஏ.எம். என்ற மத்திய அரசுத் தளத்தில் பதிவு வேண்டும், அதையும் வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அமைப்பை அடையாளம் காட்டும் பழைய டன்ஸ் எண் 2022 ஏப்ரலோடு போய்விட்டது, இப்போது யூ.இ.ஐ. என்ற எண். கூட்டத்தில் யாராவது டன்ஸ் எண் இருக்கிறதா என்று கேட்டால் அவர் பழைய பவர்பாயின்ட்டை வைத்துப் பேசுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். கவர்னரோ எம்.எல்.ஏ.வோ வந்து படம் எடுப்பது குற்றமில்லை. ‘இவருக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று அமைப்பின் பெயரில் சொல்லாதீர்கள், 501(சி)(3) அமைப்புகளுக்கு அந்தத் தடை 1954இலிருந்து சட்டத்தில் இருக்கிறது.


வெள்ளம்பார்த்தவன் எழுதியது:

ஹூஸ்டன்காரன். நான் கிராண்ட் பக்கமே போவதில்லை, வேறு ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது எங்கள் ஏரியாவில் தண்ணீர் இடுப்பளவு. சர்ச், மசூதி, கோயில், குருத்வாரா எல்லாரும் கதவைத் திறந்தோம், சமைத்தோம். எங்கள் இடத்தில் 300 பேருக்குச் சாப்பாடு இருந்தது, ஆட்கள் இருபது பேர்கூட வரவில்லை. மூன்று மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆட்கள் நிறைய, சாப்பாடு இல்லை. எங்களுக்கு அது மறுநாள்தான் தெரிந்தது. ஏன் என்றால் கவுண்டியில் (இங்கே மாவட்டம் மாதிரி) யாருக்கும் எங்களைத் தெரியாது, எங்களுக்கும் அங்கே யாரையும் தெரியாது.

பக்கத்து மெதடிஸ்ட் சர்ச்சில் நிலைமையே வேறு. அவர்கள் ‘வோவாட்’ என்கிற பேரிடர்த் தன்னார்வ அமைப்புகளின் கூட்டமைப்பில் பல வருடமாக இருக்கிறவர்கள். கமீல் புயலுக்குப் பிறகு 1970இல் தேசிய அளவில் தொடங்கியது, ஒவ்வொரு மாநிலத்திலும் கிளை உண்டு. ஒரே ஒரு போனில் எங்கே ஆள் வேண்டும், எங்கே படுக்கை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிரசாதமே கொடுக்காமல் அவர்கள் ஐந்தாயிரம் பேருக்குச் செய்ததைப் பார்த்து எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

அதே புயலுக்குப் பிறகுதான் விதியும் மாறியது. சேதமடைந்த வழிபாட்டு இடங்களைச் சரிசெய்ய மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா பணம் தராது என்று இருந்ததை எதிர்த்து டெக்சாஸ் சர்ச்சுகள் வழக்குப் போட்டன, 2018 ஜனவரியில் ஃபீமா விதியை மாற்றிக்கொண்டது. அதற்கு முந்தைய வருடம் சர்ச் என்பதற்காக விளையாட்டுத் திடலுக்கு மாநில மானியம் மறுத்த மிசௌரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று சர்ச்சுக்குச் சாதகமாகச் சொன்னதும் ஒரு காரணம்.

ஆகவே லையசனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் கவுண்டியின் அவசரகால மேலாளர் யார், அவருடைய பட்டியலில் எங்கள் மண்டபத்தை எப்படிச் சேர்ப்பது. சமையலறை இருக்கிறது, பார்க்கிங் இருக்கிறது, கழிப்பறை இத்தனை, ஜெனரேட்டர் உண்டா இல்லையா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேமரா, கேட் எல்லாம் போட வேண்டுமென்றால் ஃபீமாவின் நான்பிராஃபிட் பாதுகாப்பு கிராண்ட் மாநிலம் வழியாகத்தான் வருகிறது, அதற்கும் மாநிலத்தில் யாரிடம் போவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முதலில் செலவு, அப்புறம் பணம் வகைதான், எடிசன் அக்கா சாபம் அங்கேயும் உண்டு.


சந்தேகப்பிராணி எழுதியது:

வெள்ளம் சொன்னது நியாயம். இதற்காகப் போகலாம் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். நாற்காலிக்காகப் போகாதீர்கள்.


சனிக்கிழமைச்சாம்பார் எழுதியது:

போய்விட்டு வந்துவிட்டோம். நான், பொருளாளர், தலைவர் மூன்று பேர். மாமா வரவில்லை, ஆனால் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வரச் சொன்னார்.

லையசன் ஒரு அம்மா, இருபது வருடமாக அந்தத் துறையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், இது கூடுதல் பொறுப்பு. முதல் வாக்கியமே “என்னிடம் பணம் இல்லை” என்பதுதான். தலைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பழையபொருளாளர் சார் சொன்னபடி மூன்று தடைகளை எழுதிக் கொடுத்தோம். ஒன்று, பேன்ட்ரிகளுக்குப் பொருள் கொடுக்கும் வட்டார ஃபுட் பேங்கில் சேர விண்ணப்பித்து எட்டு மாதம், பதிலே இல்லை. ரெண்டு, தகுதிக் கடிதம் இல்லாததால் எல்லாப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. மூன்று, பாதி வாலண்டியர்கள் எழுபது வயசுக்காரர்கள், உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில் ஆன்லைனில் இருக்கிறது.

முதலாவதைப் படித்ததும் அங்கேயே போனை எடுத்தார். மத்திய அரசு தரும் அவசர உணவுப் பொருள்கள் இங்கே மாநில வேளாண் துறை வழியாக ஃபுட் பேங்குகளுக்கு வருகின்றனவாம். அங்கே இவரைப் போலவே இன்னொரு லையசன் இருக்கிறார், அவர்கள் எல்லாரும் ஒரே குழுவில் உட்காருகிறவர்கள். பத்து நிமிடத்தில் தெரிந்தது, எங்கள் விண்ணப்பத்தில் சர்ச் என்ற இடத்தில் டிக் அடிக்காமல் ‘மற்றவை’ என்று அடித்திருக்கிறோம், அதனால் எங்களிடம் யாரும் கேட்காத தகுதிக் கடிதத்துக்காக விண்ணப்பம் காத்திருக்கிறது. கோயிலைச் சர்ச் என்று போடுவதாவது என்று அடித்தது நான்தான். வரிப்படிவம் சார் முன்னாலேயே இதை எழுதியிருந்தால் எட்டு மாதம் மிச்சம்.

மூன்றாவதுக்கு அவரிடம் பதில் இல்லை. நாங்களே தமிழிலும் ஸ்பானிஷிலும் மொழிபெயர்த்தால் சரிபார்த்து ஏற்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். பணம் முன்னாலா பின்னாலா என்ற கேள்விக்குச் சிரித்துவிட்டு, “பின்னால்தான், ஆகவே சேமிப்பு இல்லாமல் எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்” என்றார். அக்கா, உங்கள் கதையைச் சொன்னேன், அவருக்கு ஆச்சரியமே இல்லை.

மண்டப விவரப் பக்கத்தை வாங்கிக்கொண்டார். கவுண்டி மேலாளரின் பெயரும் எண்ணும் கொடுத்தார், அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் போகிறேன்.

படமும் எடுத்தார்கள். தலைவர் நடுவில் நிற்கிறார், கண் மூடியிருக்கிறது.


வரிப்படிவம் எழுதியது:

தனிக் கணக்கு திறந்தாயிற்றா?


சனிக்கிழமைச்சாம்பார் எழுதியது:

திங்கட்கிழமை சார். பொருளாளரே கூட வருகிறேன் என்றார்.